காலால் பிறந்தவள்

பட்டினச்சேரி,
12 ஜனவரி 2024

தங்கை நீலாயதாட்சிக்கு,

அண்ணன் அரசப்பன் எழுதுகிறேன். இங்கே நானும் மகன் ஆனந்தராஜும் மருமகள் நந்தினியும் சுகம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கார்த்திகேசனும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போனில் பேசக்கூடாதா என்பாய். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், கடைசியில் ஆனந்தராஜ் பிடுங்கி வைத்துவிடுகிறான். காகிதம் என்றால் நீ பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கார்த்திகை மழையில் படகை மேட்டில் ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம், ஒத்தடம், ஊசி எல்லாம் ஆயிற்று. விடவில்லை. இதற்கு மருந்து உன் கால். நீ காலால் பிறந்தவள். தலைக்கு முன்னே காலை நீட்டி இந்த உலகத்துக்கு வந்தவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. வலை இழுத்த களைப்போடு ஆட்கள் நம் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ அவர்கள் முதுகில் நடப்பாய். உனக்கு எட்டு வயசு இருக்கும். தூக்கிக்கொண்டு வரப்பட்ட ஆள், பிறகு தன் காலால் நடந்து போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

ஊருக்கே மிதித்தவள் அண்ணனுக்கு மிதிக்க வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து, காரியம் முடித்துப் போனவள்; ஒன்பது வருஷம் ஆகிறது. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அது முடிந்து படகுகள் இறங்கும் நாளில் நான் சுக்கான் பிடித்து நிற்க வேண்டும். அதற்குள் வந்து சேர்.

உன் அண்ணன்,
அரசப்பன்


சார்செல், பிரான்ஸ்,
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே பனி கொட்டுகிறது. அவருக்குச் சளி விட்டபாடில்லை. மற்றபடி குறையில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. (பார்த்தீர்களா, காகிதத்திலும் அழுகிறேன்.)

இப்போது வர முடியாது அண்ணா. பள்ளிக்கூடக் கேன்டீனில் லீவு கிடைக்காது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி எனக்கும் கழுத்து இறுகிப்போனது. இங்கே ஆஸ்டியோபதி என்று ஒரு வைத்தியம் உண்டு. அதைப் படித்த அமீர் நிஷா என்ற பெண்ணிடம் போனேன். நம் காரைக்கால் பெண்தான். வலி கழுத்தில், அவரோ விலா எலும்பில் கை வைத்துக்கொண்டு நான் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள், முதுகு, தாடை என்று மெதுவாக அசைத்தார், இழுத்தார், பிடித்தபடி இருந்தார். கை வைத்துக் கேட்கிறார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஒரு மனிதக் கை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உங்கள் மாப்பிள்ளை போவது கைரோபிராக்டரிடம். அவரும் மருந்து தராமல் கையாலேயே செய்பவர்தான். ஆனால் அவருடைய கவனமெல்லாம் முதுகுத்தண்டின் மூட்டுகளில். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, குறித்த ஓர் இடத்தில் சட்டென்று ஒரு தள்ளு. டொக் என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

உங்களுக்குக் காலில் மரத்துப்போவது உண்டா? பாதம் தொங்குகிறதா? இதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
நீலா


பட்டினச்சேரி,
19 பிப்ரவரி 2024

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். மாப்பிள்ளையின் சளிக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு.

நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கற்றவன் நான். டீசல் என்ஜினையும் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் என் வழியில் புரிந்துகொண்டேன். என்ஜின் நடுக்கடலில் நின்றுவிட்டால் ஒருவன் நேராக இஞ்செக்டரில் கை வைப்பான். இன்னொருவன் டேங்கிலிருந்து டீசல் வரும் வழி முழுக்கத் தடவிக்கொண்டு வருவான். முன்னவன் மாப்பிள்ளையின் ஆள், பின்னவள் உன் ஆள். சரிதானே?

ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டாய். இரண்டு பேரில் யார் காலால் பிறந்தவர்? அதைக் கேட்காமலா உடம்பைக் கொடுத்தீர்கள்?

இங்கேயும் ஒருவர் வந்திருக்கிறார். திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் முகாம் போட்டு முதுகு, கழுத்து எல்லாம் தட்டி விடுகிறாராம். வாசலில் கைரோபிராக்டிக் என்று பலகை. குனிந்தபடி போன கொத்தனார் நிமிர்ந்து வந்ததாக டீக்கடை முழுக்கப் பேச்சு. போய்ப் பார்க்கப் போகிறேன்.

நீ கேட்ட மற்ற விஷயத்துக்கு: சாப்பாடு நன்றாக இறங்குகிறது.

அரசப்பன்


சார்செல்,
8 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மிளகு ரசம் வேலை செய்தது. இவர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

என்ஜின் உதாரணத்தை நிஷாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, சரிதான் என்றார். இந்தக் காலத்தில் கைரோபிராக்டர் வேலையில் கொஞ்சம் ஆஸ்டியோபதிக்காரரும், ஆஸ்டியோபதி வேலையில் கொஞ்சம் கைரோபிராக்டரும் செய்கிறார்களாம். அதனால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே யார் இருக்கிறார் என்பதுதான் முக்கியம் என்றார். அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர் ஊசி போடுவார், ஆபரேஷனும் செய்வார், முழு டாக்டர். இங்கே அது தனிப் படிப்பு, வருஷக்கணக்கில் படிக்க வேண்டும். நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் தனியாகச் சட்டதிட்டம் இல்லையாம். யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம்.

ஆகவே போனால் கேளுங்கள். எங்கே, எத்தனை வருஷம் படித்தீர்கள் என்று கேளுங்கள். தொடுவதற்கு முன்னால் உங்கள் வயசையும் சர்க்கரையையும் பழைய அடியையும் அவர் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, யாரைத் தொடமாட்டீர்கள் என்று கேளுங்கள். எல்லோரையும் தொடுவேன் என்பவரிடம் முதுகைக் காட்டாதீர்கள்.

நிஷா நோன்புக்கு ஊருக்கு வருகிறார். ஏப்ரல் முடியும்வரை காரைக்காலில்தான் இருப்பார். எனக்காக ஒரு முறை போய்ப் பாருங்கள். வீட்டு முகவரியை மறுபக்கம் எழுதியிருக்கிறேன்.

கால் மரத்துப்போகிறதா என்று கேட்டிருந்தேன். சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நீலா


பட்டினச்சேரி,
20 மார்ச் 2024

தங்கைக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கழுத்தைப் பார்த்துக்கொள்.

திருநள்ளாறு போய்வந்தேன். லாட்ஜ் மாடியில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. என் கண்முன்னே ஒரு அம்மாளின் தாடையைப் பிடித்துச் சட்டென்று திருப்பினார். டொக்! அறையில் இருந்த அத்தனை பேரும் "ஆத்தாடி" என்றோம். அந்த அம்மாள் கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு அழுகிறாள். ஒரு மனிதன் கைக்குள் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது, நீலா.

நீ சொன்னதைக் கேட்காமல் இல்லை.

"எத்தனை வருசம் படிச்சீங்க தம்பி?"

"படிப்பு கெடக்குது பெரியவரே. கை பேசும்."

"யார தொட மாட்டீங்க?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க! பச்சப் புள்ளைலேருந்து பாடைக்குப் போறவங்க வரைக்கும் தொட்டுருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு என் கேள்வியைக் கேட்டேன். "நீங்க காலால பொறந்தவரா?"

ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமாங்க. எங்கம்மா சொல்லிருக்கு. ஒங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிது?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அன்றைக்குக் கூட்டம் தாங்கவில்லை. அடுத்த முகாம் ஏப்ரல் 17. "கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் மூணே தட்டு, பெரியவரே" என்றார். டோக்கன் வாங்கிவிட்டேன்.

நீ வராவிட்டால் என்ன, உன் ஜாதகத்தில் ஒருவர் கிடைத்துவிட்டார்.

அரசப்பன்


பட்டினச்சேரி,
21 மார்ச் 2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நந்தினி எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். இவர் அப்பா எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிறேன். கூடவே இதையும் போடுகிறேன். நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

அவர் வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை, அத்தை. வலது கால் செருப்பு ரோட்டில் கழன்று கிடக்கும், அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். தண்ணீருக்குள் நடப்பவரைப் போல முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். போன வாரம் தரையெல்லாம் ரத்தம். கெளுத்தி முள் பாதத்தில் இறங்கியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. கெளுத்தி முள் எப்படிக் கடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "என்ன மாமா இது" என்றேன். "எறும்பு கடிச்சிருக்கும், போயி வேலயப் பாரு" என்றார்.

இவர் சொன்னாலும் கேட்பதில்லை, நான் சொன்னாலும் கேட்பதில்லை. உங்கள் காலை நம்புகிறார். அதனால் நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார்.

நந்தினி


சார்செல்,
1 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். பதினேழாம் தேதிக்கு முன்னால் இது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் கால் மரத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். காரைக்காலில் இருக்கும் நிஷாவிடம் போனில் பேசினேன். நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கும் முதுகை முறுக்கித் தட்டினால் கால் போய்விடக்கூடும், ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதுகூடக் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகலாம் என்றார். நன்றாகப் படித்த கைரோபிராக்டர் யாரும் இப்படிப்பட்ட முதுகைத் தட்டமாட்டார் என்றும் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

நான் காலால் பிறந்தவள் இல்லை, அண்ணா. எல்லோரையும் போலத் தலையால்தான் பிறந்தேன். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் சொன்னாள். "பொட்டையான்னு ஒங்கப்பா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. மருத்துவச்சிதான் சொன்னா, காலால பொறந்துச்சுன்னு சொல்லிப்புடு, ஊரே தூக்கி வச்சிக்கும்னு. சொல்லிப்புட்டேன்டி." சொல்லிவிட்டு என் பாதத்தைத் தடவிக் கொடுத்தாள்.

லீவு கிடைக்கும், அண்ணா. எல்லா வருஷமும் கிடைத்தது. டிக்கெட் பார்ப்பேன். நம் வாசலில் படுத்திருக்கும் முதுகுகள் ஞாபகத்துக்கு வரும். தெரிந்துகொண்டே மிதிக்கவும் முடியாது, உங்களிடம் சொல்லவும் வாய் வராது. அதனால்தான் வரவில்லை.

லாட்ஜ்காரர் ஆமாம் என்றாராம். அப்படிச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். நம் அம்மாவே சொன்னாள்.

அங்கே போகாதீர்கள்.

நீலா


பட்டினச்சேரி,
10 ஏப்ரல் 2024

நீலாயதாட்சிக்கு,

கடிதம் வந்தது. செத்துப்போன அம்மாவைப் பொய்க்காரி என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறது. மேலத்தெரு மாரியப்பனை நான்கு பேர் பாயோடு தூக்கி வந்தார்கள். நீ மிதித்தாய். மறுநாள் அவர் வலை இழுத்தார். இது பொய்யா? நான் பார்த்தேன். நீ காலால் பிறக்கவில்லை என்றால் அவரை எழுப்பியது எது? அதற்குப் பதில் சொல். பதில் இல்லையென்றால் எனக்கு எழுதாதே.

அரசப்பன்


சார்செல்,
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினேழாம் தேதி என்ன ஆயிற்று? போன் செய்தேன். "அப்பா பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாரு அத்த, கோச்சிக்காதீங்க" என்று ஆனந்தராஜ் வைத்துவிட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். முன்பொரு நாள் நிஷா சொன்னது. முதுகுப் பிடிப்பில் பெரும்பாலானவை யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் சில நாளிலோ வாரத்திலோ தானாகவே விட்டுவிடுமாம். தட்டுகிறவர், தடவுகிறவர், மிதிக்கிறவர் எல்லோரும் அந்த நல்ல பெயரை வாங்கிக்கொள்கிறோம். தானாக விடாதது எது என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை வருஷம் படிக்க வேண்டியிருக்கிறது என்றார்.

மாரியப்பன் மாமா தானாகவே எழுந்தார், அண்ணா. நான் மேலே நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நீலா


பட்டினச்சேரி,
14 மே 2024

தங்கைக்கு,

ஆனந்தராஜும் நந்தினியும் சுகம். நான் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பதினேழாம் தேதி லாட்ஜுக்குத்தான் கிளம்பினேன். துணைக்கு வந்த நந்தினி காரைக்காலில் பஸ் மாறும்போது, "மாமா, அந்த நிஷாம்மா வீடு இங்க பக்கத்துலதான்" என்றாள். எனக்கும் அவளிடம் இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. என் தங்கை மனசைக் கெடுத்தவள் அல்லவா? சண்டை போடத்தான் போனேன்.

அந்தப் பெண் என்னைக் கத்த விட்டது. முடிந்ததும், "மாமா, கட்டில்ல காலை நீட்டிக் கண்ண மூடிக்குங்க. நான் பஞ்சால தொடுறப்ப தொட்டேன்னு சொல்லுங்க" என்றது. இடது காலில் தொட்டது, சொன்னேன். மறுபடி தொட்டது, சொன்னேன். அப்புறம் நேரம் போய்க்கொண்டே இருந்தது. "என்னம்மா, வலது கால எப்பத்தான் தொடப்போறே?" என்று கண்ணைத் திறந்தேன். நந்தினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கையில் பஞ்சு இல்லை, ஊசி. என் பாதத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

என் கால் எனக்கு முன்னால் கிடக்கிறது. யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் விடவில்லை. "நீ காலால பொறந்தியா, தலையால பொறந்தியா? அதச் சொல்லு மொதல்ல" என்றேன்.

"ரெண்டும் இல்ல மாமா. ஆபரேசன். வயித்தக் கீறி எடுத்தாங்க."

"அப்ப நீ எதுலயும் சேத்தி இல்ல."

"ஆமா மாமா. அதான் நான் ஒங்க முதுகுல கை வைக்கல. இது என் வேலையும் இல்ல, லாட்ஜுக்காரர் வேலையும் இல்ல. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். வண்டி சொல்லிட்டேன்."

என் முதுகைத் தொடமாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

புதுச்சேரியில் என்னை ஒரு குழாய்க்குள் தள்ளி முதுகைப் படம் எடுத்தார்கள். டாக்டர் வெளிச்சத்தில் காட்டினார். எலும்புகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றின் நடுவே வெள்ளையாக ஒரு கயிறு இறங்குகிறது. கீழே வந்து முடிமுடியாகப் பிரிகிறது. ஓர் இடத்தில் இரண்டு எலும்புக்கு நடுவிலிருந்து சவ்வு பிதுங்கி அந்த முடிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்டேன், "ஐயா, இந்த நூலாங்க இத்தன வருசம் என்னை அலையில நிக்க வச்சிச்சு?" அவர் "ஆமாம்" என்றார். நான் அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன். நர்ஸுகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆபரேஷன் முடிந்தது. இடுப்பு வலி போய்விட்டது. பாதத்தில் இன்னும் உணர்ச்சி இல்லை. வரலாம், வராமலும் போகலாம், காத்திருக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். பாதத்தில் பிடிமானம் இல்லாதவன் படகில் நிற்க முடியாது. அதற்கு மேல் இதைப்பற்றி எழுதப்போவதில்லை.

உன் பதிலைப் படித்தேன். தானாகவே விட்டது என்கிறாய். அந்தத் "தான்" யார், நீலா? மாரியப்பனின் முதுகுக்குள் உட்கார்ந்து, யாருக்கும் சொல்லாமல், பெயரையும் உனக்குக் கொடுத்துவிட்டு வேலை செய்தது எது? நீ காலால் பிறந்தவள் என்றால் எனக்கு எல்லாம் புரிந்துவிடும். இல்லை என்றால் ஒன்றுமே புரியவில்லை. நீ என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கேள்வியைப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறாய்.

அரசப்பன்


சார்செல்,
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். படம் பார்த்துக் கைகூப்பிய இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. மீதியை அவர் படித்தார்.

ஆகஸ்டில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நிஷாவிடமும் இல்லையாம்.

கால் எப்படி இருக்கிறது? இந்த முறையாவது சாப்பாட்டைப் பற்றி எழுதாதீர்கள்.

நீலா


பட்டினச்சேரி,
3 ஜூலை 2024

தங்கை நீலாயதாட்சிக்கு,

மூவரும் சுகம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

தடை முடிந்து படகுகள் இறங்கியபோது நான் கரைக்குப் போகவில்லை. ஆனந்தராஜ் சுக்கான் பிடித்தான் என்று சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். கட்டைவிரலைத் தூக்கு என்பார்கள். நான் தூக்குவேன், அது தூங்கும்.

இன்றைக்கு மத்தியானம் நந்தினி கருவாடு அள்ளக் கரைக்குப் போனாள். குச்சியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். வெறுங்கால். மணல் கொதித்தது. இடது கால் சுட்டது, எடுத்து எடுத்து வைத்தேன். மேட்டில் கிடந்த ஒரு பழைய படகின் பக்கம் போனதும் என்னவோ வித்தியாசமாகத் தோன்றியது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இடது காலை மேலே தூக்கினேன். வலது கால் மட்டும் மணலில்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெகு தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல இருந்தது. அப்புறம் குதிகாலின் ஓரத்தில் ஒரு நெருப்பு. அங்கிருந்து உள்ளங்காலுக்கு வந்தது. நான் அசையவில்லை. வெயில், கடல், என் கால் மூன்றும் ஒன்றாக என்னிடம் பேசுவது போல நின்றுகொண்டிருந்தேன்.

நந்தினி பார்த்துவிட்டாள். "மாமா, காலு பொத்துப் போயிடும்! இப்படி வாங்க!"

"இரும்மா. சுடுது."

"சுடுதுல்ல, அப்பறம் ஏன் நிக்கிறீங்க? வாங்கங்கறேன்!"

"சுடுதும்மா."

கருவாட்டுக் கூடையைத் தூக்கப்போனவள் அப்படியே நின்றாள். பிறகு அந்தச் சுடுமணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறாள். தரையில் வைக்க முடியவில்லை. நிஷாவைப் பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்: வலிக்கிறது.

உன் அண்ணன்,
அரசப்பன்